உலகம் முடியாத மறுநாள் காலை

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் திருத்தப்பட்டுள்ளன.



2012 டிசம்பர் 21 ஞாபகம் இருக்கா? மாயன் காலண்டர் முடியுது, உலகம் அழியப் போகுதுன்னு டிவி பூரா ஒரே பேச்சு. நான் அப்போ ஸ்கூல்ல இருந்தேன். எங்க கிளாஸ்ல ஒருத்தன், அழியத்தானே போகுது, எதுக்குப் படிக்கணும்னு அரைப்பரீட்சைக்குப் படிக்காமலே வந்தான். மறுநாள் காலைல வழக்கம்போல பால் பாக்கெட் வந்துச்சு, பேப்பர் வந்துச்சு. சிரிச்சுட்டு மறந்துட்டோம்.

அவ்வளவு சுலபமா நம்மால மறக்க முடிஞ்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. நம்மள்ல யாரும் அதுக்காக எதையும் இழக்கல. வேலையை விடல, நிலத்தை விக்கல, சொந்தபந்தத்தோட முறிச்சுக்கல.

இன்னிக்கு நாம பார்க்கப்போறது இழந்தவங்களோட கதை. 1844 அக்டோபர் 22-ஆம் தேதி இயேசு திரும்பி வருவார்னு நம்பி, அமெரிக்காவோட வடகிழக்குப் பகுதியில ஆயிரக்கணக்கான பேர் ராத்திரி முழுக்கக் கண் முழிச்சுக் காத்திருந்தாங்க. அவர் வரல. வரலாற்றுப் புத்தகங்கள் இதை 'பெரும் ஏமாற்றம்'னு சொல்லுது.

போன மாசம் ஒரு நண்பன் கேட்டான்: "ஆதாரம் கண்ணு முன்னாடி இருக்கும்போதும் மக்கள் ஏன்டா நம்பிக்கையை விட மாட்டேங்கறாங்க?" அந்தக் கேள்விக்கு இதைவிடச் சுத்தமான டெஸ்ட் கேஸ் கிடைக்காது. தேதி போட்டாச்சு. தேதி வந்தாச்சு. எதுவும் நடக்கல. பாஸ் இல்லன்னா ஃபெயில். நடுவுல ஒண்ணும் இல்ல. இல்லையா?

இதுல எனக்கும் ஒரு சொந்தக் கணக்கு இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

ஒரு விவசாயியோட கணக்கு

வில்லியம் மில்லர் 1782-ல் மாசசூசெட்ஸ்ல பிறந்தவர். அவர் வாழ்க்கையோட பெரும்பகுதி நியூயார்க் மாநிலத்துல லோ ஹாம்ப்டன்ங்கற சின்ன ஊர்ல. நியூயார்க்னதும் மன்ஹாட்டனை நினைச்சுக்காதீங்க. இது ரொம்ப வடக்கே, வெர்மான்ட் எல்லையை ஒட்டின விவசாய பூமி.

இவரை மூடநம்பிக்கைக்காரர்னு ஒரே வார்த்தையில முடிச்சுட முடியாது. இளவயசுல அவர் பைபிளையே நம்பாதவர். வால்டேர், தாமஸ் பெய்ன் மாதிரி ஆட்களைப் படிச்சுட்டு, 'கடவுள் உலகத்தைப் படைச்சார், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கற மாதிரி கொடுத்துட்டு ஒதுங்கிட்டார். அற்புதம், தீர்க்கதரிசனம் எல்லாம் மனுஷன் கட்டின கதை'ன்னு சொன்ன கூட்டத்துல இருந்தவர்.

அப்புறம் ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு, 1812-ல் பிரிட்டனோட போர் ஆரம்பிச்சது. மில்லர் அதுல கேப்டன். 1814 செப்டம்பர்ல பிளாட்ஸ்பர்க் சண்டையில, தங்களைவிடப் பல மடங்கு பெரிய பிரிட்டிஷ் படை பின்வாங்கினதைப் பார்த்தார். இதுல மனுஷ சக்திக்கு மேல ஏதோ இருக்குன்னு அவருக்குத் தோணுச்சு. ரெண்டாவது, சாவு. 1812-லதான் அவரோட அப்பா இறந்தார். போர்ல கூட இருந்தவங்க செத்தாங்க. 'செத்தா அவ்வளவுதானா?' இந்தக் கேள்விக்கு அவரோட பழைய தத்துவத்துல பதில் இல்ல.

1816-ல் தேவாலயத்துக்குத் திரும்பினார். பழைய நண்பர்கள், 'பைபிள்ல எத்தனை முரண்பாடு இருக்கு தெரியுமா'ன்னு கேட்டாங்க. மில்லர் அதை ஒரு சவாலா எடுத்துக்கிட்டார். பைபிளையும் ஒரு சொல்லகராதியையும் வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வசனமா, எது எதோட பொருந்துதுன்னு ரெண்டு வருஷம் உட்கார்ந்து படிச்சார். யோசிச்சுப் பாருங்க, யாரும் சொன்னாங்கன்னு நம்பின ஆள் இல்ல இவர். தானே உட்கார்ந்து சரிபார்த்து நம்பினவர்.

1818-ல் அவருக்குக் கிடைச்ச விடை இதுதான். தானியேல் புத்தகம், 8-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம். 2300 நாள் கழிச்சுப் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும்ங்கற கருத்து அங்க வருது. தீர்க்கதரிசனத்துல ஒரு நாள்னா ஒரு வருஷம்னு எடுத்துக்கிட்டார். இது அவர் கண்டுபிடிச்ச விதி இல்ல. ஐசக் நியூட்டன் உட்பட நிறைய பேர் பயன்படுத்தினதுதான். தொடக்கம், பாரசீக அரசன் அர்தசஷ்டா எருசலேமைப் பத்திக் கட்டளை கொடுத்த கி.மு. 457. பரிசுத்த ஸ்தலம்னா இந்த பூமி, சுத்திகரிப்புன்னா இயேசுவோட வருகைன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டார்.

2300-ல் 457-ஐக் கழிங்க. 1843.

இன்னும் 25 வருஷத்துல உலகம் முடியப்போகுதுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவார்? மில்லர் உடனே மேடை ஏறல. தன் கணக்குக்கு எதிரா என்னென்ன சொல்லலாம்னு தானே கேள்வி கேட்டு, பதில் தேடி, வருஷக்கணக்குல சரிபார்த்துக்கிட்டு இருந்தார். பொதுவுல பேச ஆரம்பிச்சது 1831-லதான். அப்போ அவருக்கு வயசு 49.

கிராமத்துல இருந்து நாடு முழுக்க

முதல் எட்டு வருஷம் அவர் சின்னச் சின்ன ஊர்ல பேசற ஒரு விவசாயி, அவ்வளவுதான். 1839-ல் ஜோஷுவா ஹைம்ஸ்ங்கற பாஸ்டன் போதகரைச் சந்திச்சார். ஹைம்ஸ் இன்னிக்கு இருந்திருந்தா ஒரு ஸ்டார்ட்அப்போட குரோத் டீமை நடத்தியிருப்பார். 1840-லயே ஒரு பத்திரிகை தொடங்கினார். அப்புறம் நியூயார்க்ல இன்னொண்ணு. ஆயிரக்கணக்கான பேர் உட்காரற ராட்சதக் கூடாரம் ஒண்ணு தைக்கச் சொல்லி, ஊர் ஊரா கொண்டு போனார். தானியேல் சொன்ன மிருகங்கள், வருஷங்கள், கூட்டல் கழித்தல் எல்லாம் படமா வரைஞ்ச பெரிய சார்ட்டுகள் தயாராச்சு. கடைசியில எல்லாம் 1843-ல் வந்து நிக்கும். பார்க்கறவங்களுக்கு அது ஒரு கணித நிரூபணம் மாதிரியே இருந்துச்சு.

காலமும் தோதா இருந்துச்சு. 1837-ல் அமெரிக்கப் பொருளாதாரம் பெரிய அடி வாங்கி, வங்கிகள் விழுந்து, நிறைய பேர் வாழ்க்கை ஆட்டம் கண்டிருந்த நேரம். 1843 மார்ச்ல ஒரு பிரம்மாண்டமான வால்நட்சத்திரம் வேற வானத்துல தெரிஞ்சது. மில்லர் பேச்சை எத்தனை பேர் நம்பினாங்கன்றதுக்கு வரலாற்று ஆசிரியர்களோட மதிப்பீடு அரை லட்சத்துல இருந்து ஒரு லட்சத்தையும் தாண்டிப் போகுது.

ஆஃப் பை ஒன் எரர்

ஆரம்பத்துல மில்லர் தேதி சொல்லல. 'ஏறக்குறைய 1843'ன்னு மட்டும்தான் சொன்னார். எல்லாரும் நச்சரிச்சதும் ஒரு எல்லை கொடுத்தார்: 1843 மார்ச் 21-ல இருந்து 1844 மார்ச் 21-க்குள்ள.

அந்த எல்லையும் தாண்டிப் போச்சு. இங்கதான் புரோகிராமர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்காரணும். ஏன்னா அவங்க கணக்குல நிஜமாவே ஒரு பக் இருந்துச்சு. கி.மு. 1-க்கு அடுத்த வருஷம் கி.பி. 1. நடுவுல பூஜ்ஜியம்னு ஒரு வருஷம் கிடையாது. அதனால கி.மு. 457-ல இருந்து முழுசா 2300 வருஷம் எண்ணினா 1844-லதான் வந்து நிக்கும். பச்சையான ஆஃப் பை ஒன் எரர். நாம அர்ரே இண்டெக்ஸ்ல பண்ற அதே தப்பு.

ஒரு பக் கிடைச்சா நமக்கு என்ன தோணும்? 'ஆஹா, இதுதான் காரணம். மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு.' நிஜமான ஒரு தப்பைக் கண்டுபிடிக்கும்போது, மிச்சக் கோடு மேல நம்பிக்கை குறையறதுக்குப் பதிலா கூடிடுது. அவங்களுக்கும் அதுதான் ஆச்சு.

1844 ஆகஸ்ட். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் எக்ஸிட்டர் ஊர்ல ஒரு கூடாரக் கூட்டம். சாமுவேல் ஸ்னோங்கற ஒருத்தர் இன்னும் துல்லியமா ஒரு கணக்கைக் கொண்டு வந்தார். யூதர்களோட பாவநிவாரண நாள் ஏழாம் மாசம் பத்தாம் தேதி. காரைட் யூதர்களோட பழைய நாட்காட்டிப்படி அந்த வருஷம் அது அக்டோபர் 22. அதுதான் நாள்.

இந்தத் தேதி அடிமட்டத்துல இருந்து மேல போச்சு. சாதாரண ஜனங்கதான் முதல்ல பத்திக்கிட்டாங்க. மில்லர் தயங்கினார். அக்டோபர் முதல் வாரத்துலதான் ஏத்துக்கிட்டார். அதாவது, உலகம் முடியறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி.

திரும்பிப் போற வழி

இப்போ அந்த மக்கள் எந்த நிலைமையில இருந்தாங்கன்னு பார்க்கணும். என்னைப் பொறுத்தவரைக்கும் கதையோட மையமே இதுதான்.

சில பேர் பயிரை அறுவடை பண்ணாம வயல்லயே விட்டாங்க. நம்பிக்கை இல்லாதவன்தானே குளிர்காலத்துக்குச் சேர்த்து வைப்பான்? சில பேர் கடையை மூடினாங்க. சில பேர் கடனை எல்லாம் தீர்த்து, சண்டை போட்டவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாங்க.

இதைவிடப் பெரிய செலவு ஒண்ணு ஏற்கனவே நடந்து முடிஞ்சிருந்துச்சு. 1843 வரைக்கும் இவங்க மெதடிஸ்ட், பாப்டிஸ்ட்னு அவங்கவங்க சபையிலேயே இருந்தவங்க. பேச்சு முத்த முத்த, சபைகள் இவங்களை நீக்க ஆரம்பிச்சது. இவங்க பக்கமும் 'வெளியே வாங்க'ன்னு பிரசங்கம் கேட்டுச்சு. மேய்ன் மாநிலம் போர்ட்லண்டுல ஹார்மன்னு ஒரு குடும்பம். அவங்களையும் மெதடிஸ்ட் சபை 1843-ல் நீக்கிடுச்சு. அந்த வீட்டுப் பொண்ணு எல்லனுக்கு அப்போ 15 வயசு. பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்தக் காலத்து ஒரு சின்ன ஊர்ல சபைன்னா ஞாயித்துக்கிழமை போற இடம் மட்டும் இல்ல. கல்யாணம், சாவு, கடன், வேலை, பிள்ளைகளோட நட்பு எல்லாம் அங்கதான். அதை விட்டு வந்தவங்களுக்கு 1844 அக்டோபர்ல இருந்த ஒரே சொந்தம், அதே தேதியை நம்பின மத்தவங்க.

அக்டோபர் 22 ராத்திரி 12 மணி அடிச்சது. விடியற வரைக்கும் அழுதோம்னு அங்க இருந்தவங்க பின்னாடி எழுதி வச்சிருக்காங்க. பிள்ளைகளை இழந்தவங்க, மறுநாள் அவங்களைப் பார்க்கப் போறோம்னு காத்திருந்தவங்க. அந்தப் பிள்ளைகள் அந்த ராத்திரி இன்னொரு தடவை செத்துப் போனாங்க.

காலைல தெருவுல இறங்கினா, அக்கம்பக்கத்துல இருந்தவங்க கேட்ட கேள்வி: 'என்ன, இன்னும் மேல போகலையா?'

அந்த வருஷத்துக் கேலிகள்ல இதுதான் ரொம்பப் பிரபலம். சில ஊர்கள்ல கேலியோட நிக்கல, அவங்க கூடற இடங்களைக் கும்பல் தாக்கவும் செஞ்சுது.

மறுநாள் அவங்க என்ன பண்ணாங்க

இந்தக் கதையை யூடியூப்ல கேட்டிருந்தீங்கன்னா, 'இவ்வளவு நடந்தும் அவங்க நம்பிக்கை இன்னும் உறுதியாச்சு'ன்னு முடிச்சிருப்பாங்க. அது பாதி உண்மைகூட இல்ல.

பெரும்பாலானவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. கொஞ்சம் பேர் பழைய சபைக்கு. கொஞ்சம் பேர் மதமே வேண்டாம்னு. ஒரு சின்னக் கூட்டம் ஷேக்கர்கள்னு ஒரு துறவற சமூகத்துல போய்ச் சேர்ந்துச்சு. இவங்க யாரும் அறிக்கை விடல, பத்திரிகை நடத்தல. சத்தமில்லாம நகர்ந்துட்டாங்க. அதனால வரலாற்றுல அவங்க குரல் நமக்கு அவ்வளவா கேக்கறதில்ல.

இருந்தவங்கள்ல ரெண்டு வகை. முதல் வகை, மில்லர் மாதிரி. 'தேதி தப்பு, அடிப்படை சரி.' மில்லர் தன்னோட கணக்குத் தப்புன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டார். திரும்பத் தேதி குறிக்கல. ஆனா இயேசு சீக்கிரம் வருவார்ங்கறதை 1849 டிசம்பர்ல சாகற வரைக்கும் விடல.

ரெண்டாவது வகை ரொம்பச் சின்னக் கூட்டம். அவங்க தலைகீழாச் சொன்னாங்க: 'தேதி சரி, நிகழ்ச்சிதான் தப்பு.' நியூயார்க் மாநிலத்துல ஹைரம் எட்சன்னு ஒரு விவசாயி, அந்த மறுநாள் காலைல ஒரு சோளக்காட்டு வழியா நடந்து போகும்போது இது தனக்குப் புரிஞ்சதுன்னு பின்னாடி எழுதினார். சுத்திகரிக்கப்பட வேண்டிய ஸ்தலம் பூமியில இல்ல, பரலோகத்துல இருக்கு. அக்டோபர் 22-ல் அங்க ஒரு வேலை தொடங்கிடுச்சு.

இந்த ஃபிக்ஸைக் கவனிங்க. பழைய நம்பிக்கையை டெஸ்ட் பண்ண முடிஞ்சது, டெஸ்ட்ல ஃபெயில் ஆச்சு. புது நம்பிக்கையை பூமியில இருந்து யாரும் டெஸ்ட் பண்ணவே முடியாது. ஒரு கோணத்துல இது டெஸ்ட் கேஸையே டெலீட் பண்ற வேலை. இன்னொரு கோணத்துல, அதுக்கப்புறம் உலகத்தோட முடிவுக்குத் தேதி குறிக்காத ஒரு மதமா மாற அதுதான் அவங்களுக்கு வழி விட்டுச்சு. ஃபெயில் ஆன பகுதியை அவங்களும் திரும்ப ஓட்டிப் பார்க்கல.

அந்தச் சின்னக் கூட்டத்துலதான் போர்ட்லண்டு பொண்ணு எல்லன் இருந்தாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லன் ஒயிட். 1863-ல் மிச்சிகன் மாநிலம் பேட்டில் கிரீக்ல அவங்க முறையா ஒரு சபையா அமைஞ்சாங்க: ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. இன்னிக்கு உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல உறுப்பினர்கள். உடம்பைப் பேணறது, சைவச் சாப்பாடு இதுல அவங்களுக்கு அக்கறை அதிகம். பேட்டில் கிரீக்ல அவங்க நடத்தின சுகாதார நிலையத்துலதான் கெல்லாக் சகோதரர்கள் தானியத்தைத் தட்டையாக்கற முறையைக் கண்டுபிடிச்சாங்க. காலைல பால் ஊத்திச் சாப்பிடற கார்ன் ஃப்ளேக்ஸ் நம்ம வீட்டுக்கு வந்த வழியில, 1844-ல் உலகம் முடியாமப் போன ஒரு ராத்திரியும் இருக்கு.

ஆய்வு பண்ணவங்களோட நம்பிக்கை

நூத்துப் பத்து வருஷம் கழிச்சு இன்னொரு டிசம்பர் 21. 1954. சிகாகோ பக்கத்துல ஓக் பார்க்ல டோரதி மார்ட்டின்னு ஒரு அம்மா, பெருவெள்ளம் வரப்போகுது, நம்பினவங்களை மட்டும் வேற்றுக்கிரகத்துக்காரங்க வந்து காப்பாத்துவாங்கன்னு செய்தி வந்ததாச் சொன்னாங்க. மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல இருந்து லியோன் ஃபெஸ்டிங்கர்ங்கற உளவியலாளரும் அவரோட சகாக்களும், நம்பற மாதிரி நடிச்சு அந்தக் குழுவுக்குள்ள ஆட்களை அனுப்பினாங்க. வெள்ளம் வரல. 1956-ல் அவங்க எழுதின புத்தகம் உலகப் புகழ் அடைஞ்சது. அதோட முதல் அத்தியாயத்துலயே மில்லர் கதை வருது.

வாதம் சுருக்கமா இதுதான். ஒரு நம்பிக்கைக்காக நீங்க நிறைய இழந்திருந்தா, அது பொய்னு தெரியும்போது வர்ற மன உளைச்சலைத் தாங்க முடியாது. அதனால விளக்கம் தேடுவீங்க. கூட நாலு பேர் இருந்தா, விடாம மத்தவங்களையும் நம்ப வைக்கக் கிளம்புவீங்க. அதுவரைக்கும் ஒதுங்கி இருந்த மார்ட்டின் குழு, வெள்ளம் வராததுக்கு அப்புறம்தான் பத்திரிகைகளைக் கூப்பிட ஆரம்பிச்சதுன்னு புத்தகம் சொல்லுச்சு.

நானும் இந்தக் கதையைப் பல பேருக்குச் சொல்லியிருக்கேன். அவ்வளவு கச்சிதமா இருக்கும்.

2025-ல் தாமஸ் கெல்லிங்கற ஆய்வாளர் ஃபெஸ்டிங்கரோட பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் சொல்றபடி, அந்தக் குழு முன்னாடியே வெளியில பரப்பிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வெள்ளம் வராததும் உறுப்பினர்கள் பலரும் சீக்கிரமே கைவிட்டாங்க. உள்ள போன ஆய்வாளர்கள் வேடிக்கை பார்க்காம, குழுவோட போக்கிலேயே கை வச்சாங்க. சின்னக் குழுவுக்குள்ள இத்தனை வேஷக்காரங்க இருந்தா அது இயல்பான குழுவான்னு அதுக்கு முன்னாடியே விமர்சனம் இருந்துச்சு. ஆனாலும் கல்லூரிப் பாடத்துல அந்தக் கதை எழுபது வருஷமா ஓடிக்கிட்டே இருந்துச்சு.

'எதிரான ஆதாரம் வந்தாலும் ஜனங்க நம்பிக்கையை விட மாட்டாங்க'ங்கற கதையை, எதிரான ஆதாரம் இருந்தும் நாம விடல.

மில்லர் ஆட்கள் விஷயத்துலயும் இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு. அவங்க வெள்ளை அங்கி தைச்சுப் போட்டுக்கிட்டு, மேல போறதுக்காக மலை உச்சியில நின்னாங்கன்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துச்சு. 1944-ல் ஃபிரான்சிஸ் நிக்கல்ங்கற அட்வென்டிஸ்ட் எழுத்தாளர் இதை ஒவ்வொண்ணாத் தோண்டிப் பார்த்து, ஆதாரம் இல்லாத கட்டுக்கதைன்னு எழுதினார். அவர் தன் சபையைக் காப்பாத்த எழுதினார்ங்கறது உண்மை. ஆனா அதுக்கப்புறம் வந்த வரலாற்று ஆசிரியர்கள்லயும் பெரும்பாலானவங்க அங்கிக் கதையை ஏத்துக்கல. இருந்தாலும் அது இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. கேலி பண்ணவங்களுக்கும் ஒரு நம்பிக்கை தேவைப்பட்டுச்சு: 'அவங்க பைத்தியம், நாம இல்ல.'

எங்க வீட்டு விளக்கு

இப்போ என்னோட கணக்கு.

2021 மே. ரெண்டாவது அலை. அப்பா ஆஸ்பத்திரியில. அம்மா நேர்த்திக்கடன் வேண்டிக்கிட்டாங்க. வழக்கமாப் பார்க்கற ஜோசியரும் ஜாதகத்தைப் பார்த்துட்டு, 'கண்டம் தாண்டிருவார், பயப்படாதீங்க'ன்னு சொன்னார். பரிகாரம் சொன்னார், அதையும் பண்ணோம். ஒன்பதாவது நாள் அப்பா போயிட்டார்.

காரியம் எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா மறுபடி விளக்கு ஏத்திக்கிட்டு இருந்தாங்க. நான் லேப்டாப்பை மூடிட்டு எந்திரிச்சு வந்து, "இன்னுமாம்மா நம்பற?"ன்னு கேட்டேன்.

அம்மா பதில் சொல்லல. திரியைத் தூண்டிவிட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

மில்லர் ஆட்கள்கிட்ட அக்டோபர் 23 காலைல கேட்ட கேள்வியைப் படிச்சப்போ எனக்கு உடம்பு கூசிப்போச்சு. நான் கேட்டதும் அதே கேள்விதான். ஆதாரத்தைக் கொடுக்கறதா நினைச்சுக்கிட்டேன். ஆனா ஆதாரம் அம்மாகிட்ட ஏற்கனவே இருந்துச்சு, என்னைவிட அதிகமாவே. அப்பா இல்லாத வீட்டுல நாள் முழுக்க இருந்தது அவங்கதான். நான் மீட்டிங்ல இருந்தேன். அந்த மாசங்கள்ல தினம் சாயங்காலம் வந்து அம்மா கூட உட்கார்ந்து பேசிட்டுப் போனது, கோயில்ல பழக்கமான பக்கத்துத் தெரு அக்காவும் ரெண்டு பெரியம்மாவும். அந்த விளக்கை அணைச்சா அவங்களும் சேர்ந்து போயிடுவாங்க. அதுக்குப் பதிலா நான் என்ன வச்சிருந்தேன்? ஒரு கேள்வி மட்டும்தான்.

இன்னொரு விஷயத்தை நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன். அம்மா அந்த ஜோசியர்கிட்ட திரும்பப் போகவே இல்ல. தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட, "ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்குல்ல, போதும்"னு சொல்லிட்டாங்க. நாலு வருஷத்துல அவர் பேரை ஒரு தடவைகூட எடுக்கல. அதைப் பத்தி எதுவும் சொல்லவும் இல்ல.

அதாவது ஆதாரம் வேலை செஞ்சிருக்கு. நான் எதிர்பார்த்த இடத்துல இல்ல, எதிர்பார்த்த சத்தத்தோடயும் இல்ல. அம்மா ஜோசியரை விட்டாங்க, விளக்கை விடல. மில்லரும் தேதியை விட்டார், மத்ததை விடல. அக்டோபர் 22-க்கு அப்புறம் சத்தமில்லாம நகர்ந்து போன அந்தப் பெருங்கூட்டமும், தங்களால கொடுக்க முடிஞ்ச விலையைக் கொடுத்து, விட முடிஞ்சதை விட்டவங்கதான்.

அதனால என் நண்பன் கேட்ட கேள்வியையே நான் கொஞ்சம் மாத்திக் கேப்பேன். 'ஏன் விட மாட்டேங்கறாங்க'ன்னு இல்ல. 'விட்டா அவங்க எங்க போவாங்க?' அந்த மறுநாள் காலைல, பழைய சபையில யாராவது 'வாங்க, உட்காருங்க'ன்னு கூப்பிட்டிருந்தா இன்னும் எத்தனை பேர் திரும்பியிருப்பாங்களோ.

எல்லா நம்பிக்கையையும் பேசாம விட்டுடணும்னு நான் சொல்லல. மருந்தை நிறுத்தச் சொல்ற சாமியார், குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம்ங்கற பேச்சு, இதெல்லாம் உயிர் போற விஷயம். அங்க சொல்லித்தான் ஆகணும். ஆனா முன்னாடியே சொல்லணும், கூட நிக்கறவனாச் சொல்லணும். எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் ஜெயிச்சவனா வந்து நிக்கறதுல எந்த உபயோகமும் இல்ல.

அம்மாகிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேக்கல. இந்த எபிசோடை அவங்க கேப்பாங்க. போன எபிசோடுக்கு, "ரொம்ப வேகமாப் பேசற"ன்னு சொன்னாங்க. இந்தத் தடவை மெதுவாத்தான் பேசியிருக்கேன்மா.